அகத்திக்கீரை ஒரு கட்டு

ஜூன் 8, ஞாயிறு

இந்த நோட்டு உங்கள் கையில் கிடைத்திருந்தால் இதோடு மூடி, எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். மனசு கேட்காவிட்டால் படித்துக்கொள்ளுங்கள். ஆனால் யாருக்கும் காட்டாதீர்கள், உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன். என் அத்தைக்குக் காட்டவே காட்டாதீர்கள். அவளுக்குக் கண் மங்கல், எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். ஆனாலும் விடாமல் படித்துவிடுவாள்.

என் பெயர் உலகம்மை. அம்பாசமுத்திரத்தில் பிளஸ் டூ படிக்கிறேன், வகுப்பு இப்போதுதான் தொடங்கியிருக்கிறது. வீட்டில் மூன்று பேர். அப்பா ஜவுளிக்கடையில் வேட்டிப் பிரிவில் நிற்கிறார். சிவகாமி அத்தை அப்பாவின் அக்கா. அம்மா இறந்த பிறகு எங்களோடு வந்து தங்கிவிட்டாள். அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது.

பாத்திரம் கழுவுகிறேன் என்று சொல்லி, அடுக்களைக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். சத்தத்துக்காகக் குழாயைக் கொஞ்சம் திறந்து விட்டிருக்கிறேன். நோட்டு ரவை டப்பாவுக்குள் இருக்கும். அம்மாவுக்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் உப்புமா கிண்டுவதில்லை.

இன்று தென்காசியிலிருந்து ஒரு அம்மா வந்தாள். கூட அவளுடைய மகனும் அண்ணனும். பாபநாசம் கோவிலுக்கு வந்தவர்கள், தூரத்துச் சொந்தம், எட்டிப் பார்க்கிறார்கள் என்று அத்தை சொன்னாள். என்னைச் சேலை கட்டச் சொன்னாள். ஏன் என்று கேட்டதற்கு, "சுடிதார்ல ஒரு பக்கம் சாயம் போயிருக்கு" என்றாள். போகவில்லை.

காப்பியும் வாழைக்காய் பஜ்ஜியும் கொடுத்தேன். அந்த அம்மாவின் அண்ணன் பெரிய தொப்பைக்காரர். "ஊருக்கே போயிரலாம்னு இருந்தேன், பஜ்ஜியைப் பார்த்ததும் கால் வரமாட்டேங்கு" என்று தட்டையே பக்கத்தில் இழுத்துக்கொண்டார். மகன் நாள்காட்டியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தென்காசியில் சொந்தமாக மளிகைக் கடையாம். மதியச் சாப்பாட்டு நேரம். சோறு, சாம்பார் எல்லாம் தயாராக இருந்தது. அத்தை சாப்பிடச் சொன்னதற்கு அந்த அம்மா சிரித்தாள். "இன்னொரு நாள் வந்து கை நனைக்கோம் மதினி. இன்னைக்கு வேண்டாம்."

பசியோடு ஏன் போகிறார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

பள்ளியில் இசக்கியிடம் சும்மா சொன்னேன். இசக்கி என் பக்கத்து இருக்கை. அவள் டப்பாவிலிருந்த எலுமிச்சை சாதத்தை அப்படியே விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சாப்பாட்டு நேரத்துல வந்து சாப்பிடாமப் போனாங்களா?"

"ஆமா."

"சேலை கட்டச் சொன்னாங்களா?"

"ஆமா."

"பையன் கூட வந்தானா?"

"வந்தாங்க."

"அடி மக்கு. உன்னைப் பொண்ணு பார்த்துட்டுப் போயிருக்காங்க."

நான் இல்லை என்றேன். அவள் விடவில்லை. "சம்பந்தம் முடிவாகுத வரைக்கும் பொண்ணு வீட்டுல கை நனைக்க மாட்டாங்க. காப்பி, பஜ்ஜி எல்லாம் கணக்கே இல்லை. இலை போட்டு, சோத்தைப் பிசைஞ்சு ஒரு வாய் உள்ள போச்சுன்னா முடிஞ்சுது. அதுக்கப்புறம் வேண்டாம்னு ரெண்டு பக்கமும் சொல்லக் கூடாது. எங்க அக்காவுக்கு அப்படித்தான். ரசம் ஊத்துததுக்குள்ள தேதி குறிச்சுட்டாங்க."

அப்படி எதுவும் இருந்தால் அத்தை என்னிடம் சொல்லியிருப்பாள் என்றேன்.

"சொல்லுவாங்க. கடைசியில பந்தலுக்கு வாழைமரம் கட்டும்போது சொல்லுவாங்க."

வேதியியல் வகுப்பில் ஒன்றும் காதில் ஏறவில்லை.

ஜூன் 12, வியாழன்

இன்று ஒன்றும் இல்லை. தயிருக்கு உறை ஊற்ற மறந்துவிட்டேன். திட்டு.

ஜூன் 14, சனி

இசக்கி சொன்னது சரி.

சாயங்காலம் பூண்டு உரித்துக்கொண்டிருந்தோம். அத்தை என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "அடுத்த ஞாயித்துக்கிழமை ராத்திரி தென்காசிக்காரங்க சாப்பிட வாராங்க. நீதான் சமைக்கணும்."

"நீங்க?"

"நான் எப்படிளா அடுப்புல கை வைக்க முடியும்? நடக்கப்போறது நல்ல காரியம். நான் தாலியறுத்தவ. காய்கூட நறுக்க மாட்டேன். அடுக்களைப் பக்கமே வர மாட்டேன். எல்லாம் உன் கைதான்."

மழை வரும்போல் இருக்கிறது, துணியை எடு என்று சொல்கிற குரலிலேயே அதையும் சொன்னாள்.

என்ன சமைக்க வேண்டும் என்றும் சொன்னாள். சொதி, இஞ்சித் துவையல், உருளைக்கிழங்கு வறுவல், பீன்ஸ் பொரியல், அப்பளம். கடைசியில் பலாப்பழப் பாயசம். குற்றாலத்துப் பலா வந்துவிட்டதாம்.

"சொதி மறுவீட்டுக்குத்தானே வைப்பாங்க?" என்றேன். கல்யாணம் முடிந்து மாப்பிள்ளை முதல்முதலாகப் பெண் வீட்டில் வந்து சாப்பிடும்போது வைக்கிற குழம்பு அது. எங்கள் ஆட்களில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"அந்த அம்மாதான் கேட்டா. உங்க மருமகளுக்குச் சொதி வைக்கத் தெரியுமான்னு. தெரியும்னுட்டேன்."

பூண்டுத் தோல் விரலில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது.

"ஆடி பொறந்துட்டாப் பேச முடியாது. ஆனியிலயே பேசி முடிச்சுட்டு, தையில கல்யாணத்தை வச்சுக்கிடலாம்ங்காங்க. மார்கழியில உனக்குப் பதினெட்டு முடிஞ்சிருது. சட்டப்படியே எல்லாம் சரி."

"பரீட்சை மார்ச்சுல அத்தை."

"பரீட்சை எங்க போகுது? பெறவு எப்பம்னாலும் எழுதலாம். நல்ல இடம் அப்படி நிக்காது. நகை கேக்கலை. கடை சொந்தக் கடை. அந்த அம்மா வீட்டுக்காரர் போன பெறவு ஒத்தையா நின்னு மகனை வளர்த்தவ, தங்கமான மனுஷி. தாயில்லாத பிள்ளைக்கு இதுக்கு மேல என்ன வேணும்? எனக்கும் முழங்கால் போச்சு. நான் எத்தனை நாளைக்கு உனக்குக் காவல் இருப்பேன்?"

அப்பா பக்கத்தில்தான் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். நாங்கள் பேசி முடிக்கிற வரை ஒரு பக்கம்கூடப் புரட்டவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

அப்பாவிடம் பேசினேன். அவர் கடைக்குப் போடுகிற சட்டையைத் தேய்த்துக் கொடுக்கும்போது. "எனக்கு வேண்டாம்ப்பா" என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

"அக்கா நமக்காக எவ்வளவோ செஞ்சிருக்கா உலகு" என்றார். சட்டையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். கிளம்பும்போது பித்தானைத் தப்பாகப் போட்டிருந்தார். நான் சொல்லவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

சொதி வைத்துப் பழகினேன். திரிந்துவிட்டது.

காய் வேகிறவரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், பச்சைப் பட்டாணி, முழுப் பூண்டு, சின்ன வெங்காயம். மூன்றாம் தேங்காய்ப் பாலில் காய் வேக வேண்டும். வெந்த பாசிப்பருப்பு, அரைத்த இஞ்சி, பச்சை மிளகாய். பிறகு இரண்டாம் பால். கடைசியில் முதல் பாலை ஊற்றி, நுரை கட்டியதும் இறக்கி, ஆறின பிறகு எலுமிச்சம்பழம் பிழிய வேண்டும். நான் அடுப்பில் இருக்கும்போதே பிழிந்துவிட்டேன். பால் பூப்பூவாய்ப் பிரிந்து மேலே மிதந்தது.

அத்தை அதையே சாப்பிட்டாள். "ஞாயித்துக்கிழமை இப்படி ஆச்சுன்னா அந்தத் தொப்பை மாமா என்னைத்தான் பாடுவாரு" என்றாள். சிரிப்பு மாதிரி ஒன்று வந்தது அவளுக்கு.

சாயங்காலம் தெருவில் காய்க்காரர் தள்ளுவண்டி வந்தது. பாகற்காய் குட்டி குட்டியாய் நன்றாக இருந்தது. அப்பாவுக்குப் பிடிக்கும் என்று எடுத்தேன். அத்தை வாசலிலிருந்தே அதட்டினாள்.

"கீழ வை. நல்ல காரியம் பேசியிருக்க வீட்டுல பாவக்காயும் அகத்தியும் வாசப்படி ஏறக் கூடாது. அதெல்லாம் கருமாதிக்கும் தெவசத்துக்கும் வைக்கது. தெரியும்லா உனக்கு?"

தெரியும். அம்மாவின் பதினாறாம் நாளன்று அத்தைதான் சமைத்தாள். அந்தச் சமையலுக்கு அவள் கை வைக்கலாமாம். நான் பக்கத்தில் மணையில் உட்கார்ந்து பாகற்காய் நறுக்கினேன். உப்புப் போட்டுப் பிசிறி வை, தண்ணீர் விட்டதும் ஒட்டப் பிழி, தீ குறைவாக இருக்கட்டும் என்று அவள்தான் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அகத்திக்கீரையை மூடி போடாமல் வேக வை, கசப்பு ஆவியோடு போய்விடும் என்றாள். அது போகவில்லை. ஆனால் அன்றைக்குக் கசக்கிறது என்று யாரும் சொல்லவில்லை.

இதை ஏன் எழுதினேன் என்று தெரியவில்லை. நாளைக்கு அடித்துவிட வேண்டும்.

ஜூன் 19, வியாழன்

பயமாக இருக்கிறது. எதற்கு என்று எழுத மாட்டேன்.

ஜூன் 21, சனி

அப்பாவோடு சந்தைக்குப் போனேன். அவர் பையைப் பிடித்துக்கொள்ள நான் வாங்கினேன். சொதிக்கு வேண்டியது எல்லாம் வாங்கியாயிற்று. முருங்கைக்காய் இளசாகக் கிடைத்தது. பலாச்சுளை ஒரு தாத்தாவிடம் வாங்கினோம். அவர் ஒரு சுளையைப் பிய்த்து அப்பா கையில் வைத்து, "தின்னு பாரு, தேனு தோத்துப் போவும்" என்றார். அப்பா பாதியை எனக்குக் கொடுத்தார். உண்மையாகவே நன்றாக இருந்தது.

உருளைக்கிழங்கு வறுவலுக்கும் பீன்ஸ் பொரியலுக்கும் தனியாக வாங்க வேண்டும் என்று அத்தை சொல்லியிருந்தாள். உருளைக்கிழங்கு முளை விட்டிருந்தது. பீன்ஸ் முற்றல். அதனால் வேறு காய் பார்த்தேன். கீரைக்கார அம்மாவிடம் அகத்திக்கீரை தளதளவென்று இருந்தது. அகத்தியில் இரும்புச்சத்து அதிகம் என்று உயிரியல் மிஸ் போன வருஷமே சொல்லியிருக்கிறார்கள்.

"அகத்திக்கீரை ஒரு கட்டு" என்றேன்.

கீரைக்கார அம்மா கட்டை எடுத்துக்கொண்டே, "யாருக்கு தெவசம்?" என்று கேட்டாள்.

அப்பா கீரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சந்தைச் சத்தம் எல்லாம் எங்கேயோ தூரத்தில் கேட்டது. பிறகு அவர் பையின் வாயை இரண்டு கையாலும் அகலமாக விரித்துப் பிடித்தார். கட்டு பெரியது, உள்ளே போகவில்லை. அவரே மடக்கித் திணித்து, மேலே முருங்கைக்காயை எடுத்து வைத்தார்.

நான் பாகற்காய் வாங்கும்போது அப்பா வெற்றிலை வாங்கி வருவதாகச் சொல்லிப் போய்விட்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது தெருமுனையில், "பையை நானே அடுக்களையில கொண்டு வச்சிருதேன், நீ தூக்காத, கனம்" என்றார்.

ராத்திரி அத்தைக்கு முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிட்டேன். அவளாகவே பேசினாள். அவளுக்குப் பதினாறு வயசில் கல்யாணமாம். அப்போதும் இதே மாதிரி ராத்திரிச் சாப்பாடுதானாம். அவளே சொதி வைத்தாளாம்.

"எட்டாவதுல ரெண்டாம் ரேங்க் நானு. உங்கப்பனுக்குக் கணக்கே நான்தான் சொல்லிக் குடுப்பேன்."

"சொதி எப்படி இருந்துச்சு அத்தை?"

அவள் விட்டத்தைப் பார்த்தாள். "திரியவே இல்லை. எல்லாரும் ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாங்க."

அப்புறம், "போதும், தேய்க்காத. கை நோவும். போய்ப் படு" என்றாள்.

ஜூன் 22, ஞாயிறு

எல்லாம் முடிந்துவிட்டது. எழுத்து கோணலாக இருந்தால் மன்னியுங்கள். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மதியத்திலிருந்தே சமைக்க ஆரம்பித்தேன். அத்தை சொன்னபடி அடுக்களைக்குள் வரவில்லை. கொல்லையில் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்துகொண்டு அங்கிருந்தே சத்தம் கொடுத்தாள்.

"தேங்காய் துருவியாச்சா?"

"ஆச்சு."

"முதல் பாலைத் தனியா வச்சியா? தண்ணி பட்டிராம?"

"வச்சாச்சு."

"எலுமிச்சம்பழம்?"

"எறக்கின பெறகுதான் அத்தை. தெரியும்."

"எல்லாம் தெரியும் உனக்கு" என்றாள்.

பாயசத்தை முதலில் முடித்தேன். சுளையைப் பொடியாக நறுக்கி நெய்யில் வதக்கி, வெல்லப் பாகில் போட்டு, சுக்கும் ஏலக்காயும் தட்டிப் போட்டு, தேங்காய்ப் பால் ஊற்றினேன். தேங்காயைப் பல்லுப் பல்லாகக் கீறி நெய்யில் சிவக்க வறுத்துக் கொட்டினேன். ஒரு கரண்டி வாயில் விட்டுப் பார்த்தபோது எனக்கே அழுகை வந்துவிட்டது. அவ்வளவு நன்றாக வந்திருந்தது. அம்மா சாப்பிட்டிருந்தால் ஒரு வார்த்தை சொல்லியிருப்பாள்.

சொதியும் திரியவில்லை. வெள்ளைவெளேர் என்று, மேலே பச்சை மிளகாய் வாசத்தோடு, கரண்டியில் எடுத்தால் வழுக்கிக்கொண்டு விழுந்தது. இஞ்சித் துவையல் அரைத்தேன். கீரையை உருவி, அலசி, பாசிப்பருப்பும் தேங்காய்ப்பூவும் போட்டு இறக்கினேன். அப்புறம் வாணலியை வைத்தேன்.

பாகற்காயை எண்ணெயில் போட்டால் அந்த வாசம் நாலு வீட்டுக்குப் போகும். கதவைச் சாத்தினாலும் நிற்காது.

கொல்லையிலிருந்து அத்தை, "என்னளா வாசம்?" என்றாள்.

"உருளைக்கிழங்கு அத்தை" என்றேன்.

அவள் எழுந்து வரப்போகிறாள் என்று கரண்டியைப் பிடித்தபடி நின்றேன். காகம் கத்தியது. பக்கத்து வீட்டில் யாரோ வாளியை நகர்த்தினார்கள்.

"தீயக் குறைச்சு வை" என்றாள் அத்தை. "அது கருகிச்சுன்னா வாயில வைக்க முடியாது."

உருளைக்கிழங்கு கொஞ்சம் கருகினால் அத்தைக்குப் பிடிக்கும். அடியில் பிடித்ததைச் சுரண்டிச் சாப்பிடுவாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை.

தென்காசிக்காரர்கள் பொழுது சாய்ந்ததும் வந்தார்கள். தொப்பை மாமா வாசலிலேயே மூக்கை உறிஞ்சினார். "தெருமுனையில ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். வீட்டைக் கேக்கவே வேண்டாம், சொதி வாசத்தைப் புடிச்சே வந்துருவேன்னேன்." எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொண்டார். அத்தை நடு அறைக் கதவுக்குப் பின்னால் நின்றாள். இந்த மாதிரி நேரத்தில் அவள் முன்னால் வரமாட்டாள்.

பாய் விரித்து, இலை போட்டு, துடைத்தேன். மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். அப்பா செம்போடு ஓரமாக நின்றார். நான் பரிமாறினேன். உப்பு வைத்தேன். துவையல் வைத்தேன். அகத்திக்கீரை வைத்தேன். பாகற்காய் வைத்தேன். சோற்றுக் குண்டானை எடுக்கத் திரும்பும்போதே தெரிந்தது. பேச்சு நின்றுவிட்டது.

தொப்பை மாமா முதலில் புரியாமல்தான் பேசினார். "பாவக்காயா? நல்லது, நல்லது. சுகர்காரனுக்கு மருந்தைச் சோத்துக்கு முந்தியே வச்சிட்டியா?" என்று விரலைக் கொண்டுபோனார். அப்புறம் கீரையைப் பார்த்தார். விரலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தங்கையைப் பார்த்தார்.

அந்த அம்மா இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகம் வெளுத்துப்போயிருந்தது. அதை நான் மறக்க மாட்டேன். அவளுக்கும் வீட்டுக்காரர் இல்லை. அது எனக்கு அந்த நேரத்தில்தான் ஞாபகம் வந்தது. அவள் இலையில் நான் இதையெல்லாம் வைத்திருக்கக் கூடாது.

"இதை யாரும்மா வைக்கச் சொன்னது?" என்று மாமா கேட்டார். இப்போது அவர் குரல் வேறு மாதிரி இருந்தது. "நல்ல காரியத்துக்கு வந்த எடத்துல கருமாதிச் சாப்பாடா போடுவாங்க? ஏன் வே, நீங்களாவது பார்க்கக் கூடாதா?" என்று அப்பாவிடம் திரும்பினார். அப்பா செம்புக்குள் பார்த்தார்.

தெரியாது என்று சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு வாரமாக மனசுக்குள் சொல்லிப் பழகியிருந்தேன். வரவில்லை.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து அத்தை வெளியே வந்தாள். எல்லார் முன்னாலும் வந்து, நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தாயில்லாத பிள்ளை" என்றாள். "எது எதுக்கு ஆகும், எது ஆகாதுன்னு அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா? நானும் இன்னைக்கு அடுக்களைப் பக்கம் போகலை. காய் மலிவாக் கெடச்சிருக்கும், வாங்கி வச்சிட்டு. தெரியாமச் செஞ்சதுக்குப் பிள்ளையைப் பேசாதீங்க. பேசணும்னா என்னைப் பேசுங்க."

என்னைப் பார்க்கவே இல்லை.

மணையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒட்டப் பிழி, ஒட்டப் பிழி என்று சொன்னவள்.

அந்த அம்மா அத்தையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். செம்பைப் பிடித்திருந்த அப்பாவைப் பார்த்தாள். எதையோ கூட்டிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

"பாயசம் இருக்காம்மா?" என்றாள்.

"இருக்கு. பலாப்பழம்."

"டம்ளர்ல ஊத்திக் கொண்டா. அது போதும். அண்ணே, எந்திரிங்க. நாற்காலியில உக்காந்து குடிப்போம்."

"சோறு?" என்றார் மாமா. பாவமாக இருந்தது. உண்மையிலேயே பசித்திருக்கிறது அவருக்கு.

"எந்திரிங்கன்னா எந்திரிங்க."

டம்ளரில் குடித்தார்கள். கை நனையவில்லை. மாமா இரண்டாவது டம்ளர் கேட்டார், கோபத்தோடேயே. மகன் டம்ளரைக் கீழே வைக்கும்போது, "பாயசம் நல்லாருக்கு" என்றார். அவர் குரலை அப்போதுதான் கேட்டேன். அவர் முகத்தில் கோபம் இல்லை. ஊருக்குப் போகிற பஸ் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

அந்த அம்மா போகும்போது வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டாள்.

"என்ன குரூப் படிக்கே?"

"பயாலஜி."

"பரீட்சை மார்ச்சுலயா?"

"ஆமா."

"ம்" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டே, "வேற யாராவது வந்தா இப்படிச் செய்யாத. சுள்ளுனு கோவப்படுத ஆளா இருந்தா உன்னையும் பேசிருவாங்க, உங்க அத்தையையும் பேசிருவாங்க" என்றாள். அப்புறம் அத்தையிடம் சத்தமாக, "சொல்லி அனுப்புதோம் மதினி" என்றாள். சொல்லி அனுப்புகிறோம் என்றால் அனுப்ப மாட்டார்கள் என்று இசக்கி சொல்லியிருக்கிறாள்.

அவர்கள் ஆட்டோ திரும்புகிற வரை நான் வாசலில் நின்றேன். பாபநாசத்து உலகம்மையிடம் வேண்டிக்கொண்டேன். அவள் பெயரைத்தான் எனக்கு வைத்திருக்கிறார்கள். அந்த அம்மாவுக்கும் அவள் வீட்டில் யாருக்கும் ஒன்றும் ஆகக் கூடாது. அந்த இலையில் வைத்தது எதுவும் அவர்களைச் சேரக் கூடாது. ஏதாவது சேர வேண்டும் என்றால் என்னைச் சேரட்டும்.

உள்ளே வந்தால், அப்பா அந்த இலைகளில் ஒன்றின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"சோறு போடு உலகு. பசிக்கு."

சோறு போட்டேன். சொதி ஊற்றினேன். கீரையைப் பிசைந்து சாப்பிட்டார். "அகத்தி இன்னும் கொஞ்சம் வை" என்றார். பாகற்காயை எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் இலையில் விரலால் கோடு போட்டபடி, "உங்க அம்மைக்கு இது பிடிக்காது. எனக்காகத்தான் வைப்பா" என்றார். எழுந்து கை கழுவி வந்து, "உன் சைக்கிள் செயின் கழண்டு கெடந்துது. மாட்டிட்டேன். காலைல பார்த்துப் போ" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனார்.

அத்தை கொல்லையில் துவைக்கிற கல்மேல் போய் உட்கார்ந்தவள் வரவே இல்லை. காலையிலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை. நல்லபடியாக முடியட்டும் என்று விரதம். நான் இரண்டு தடவை கதவு வரை போய்த் திரும்பிவிட்டேன். இருட்டில் அவள் முதுகு மட்டும் தெரிந்தது. அழுகிறாளா என்று தெரியவில்லை.

பாத்திரம் எல்லாம் அப்படியே கிடக்கிறது. குழாயைத் திறந்து விட்டுவிட்டு எழுதுகிறேன்.

கேட்டால் என்ன சொல்வது? எனக்கு ஒன்றும் தெரியாது. உருளைக்கிழங்கு முளை விட்டிருந்தது, பீன்ஸ் முற்றல், அதனால்தான். இதைத்தான் சொல்லப்போகிறேன். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அத்தையே எல்லார் முன்னாலும் அப்படித்தானே சொன்னாள். அவளே சொன்ன பிறகு அது பொய் ஆகாது. எனக்குத் தெரியாது அத்தை. எனக்குத் தெரி

கதவு தட்டுகிறார்கள்.

அத்தைதான். கையில் தட்டு இருக்கிறது, கதவில் இடிக்கிற சத்தம் கேட்கிறது.

"ஏளா. குழாயை நிறுத்து, தண்ணி வீணாப் போகுது. பாத்திரம் கழுவுத மாதிரி நடிக்காத. வெளிய இருந்த குண்டான்ல சோறு போட்டுக்கிட்டேன், தொட்டுக்க ஒண்ணும் இல்லை. அந்தப் பாவக்காய் மிச்சம் இருந்தா எடுத்துட்டுக் கதவைத் தொற. நீயும் சாப்பிடலைலா, வா, ரெண்டு பேருமா